நாய் உறங்கும் இடம்

கேமரன் மலையின் நிர்வாக நகரமான தானா ராத்தா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இங்குப் பகல் வெப்பநிலை 25 பாகை செல்சியஸைத் தாண்டுவது அரிது. இரவில் அது 15 பாகை அளவுக்கு இறங்கிவிடும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் 7.8 பாகை செல்சியஸ் பதிவானது. மலேசிய வானிலைப் பதிவேட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையாகக் குறிப்பிடப்படுவது அதுவே. குளிரோடு மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்வதால் சுவரும் தரையும் துணியும் எளிதில் ஈரம் ஏறிக் கிடக்கும்.

1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, இம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்கள் உழைத்து வந்துள்ளனர். தோட்டக் குடியிருப்புகளில் நாய்க்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் பெரும்பாலும் வீட்டு வாசலின் சிமெண்டுத் தரை, அல்லது அஞ்சடியில் விரித்த ஒரு பழைய சாக்கு. காய்கறித் தோட்டங்களில் காவலுக்கு நிற்கும் நாய்களுக்கு அதுவும் இருப்பதில்லை. “நாய்க்குத்தான் உடம்பெல்லாம் முடி இருக்கிறதே, அதற்கு எதற்குப் படுக்கை?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். விடையை அறிவியல் பாடத்திலிருந்து தொடங்கலாம்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். 15 பாகை குளிர்ந்த தரையில் அது படுக்கும்போது, வெப்பம் மிகுந்த பொருளிலிருந்து வெப்பம் குறைந்த பொருளுக்கு, அதாவது உடலிலிருந்து தரைக்கு, வெப்பம் கடத்தப்படுகிறது. சிமெண்டும் ஓடும் மரப்பலகையைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தக்கூடியவை. ஒரே அறையில் இருக்கும் பலகையையும் சிமெண்டுத் தரையையும் வெறுங்காலால் மிதித்துப் பார்த்தால் இது விளங்கும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் சிமெண்டுதான் சில்லிடும். முடி குளிரைத் தடுப்பது உண்மையே. ஆனால், முடிகளுக்கிடையே தங்கியுள்ள காற்றே அந்த வேலையைச் செய்கிறது. நாய் படுத்ததும் அடிப்பக்கத்து முடி உடல் எடையால் நசுங்கிக் காற்றை இழந்துவிடுகிறது. வயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் முடி இயல்பாகவே குறைவு. ஆகவே, தரையைத் தொடும் பக்கத்தில் நாய்க்குப் போர்வை இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் எலும்பு. வளர்ந்த நாய் ஒரு நாளின் பாதிப் பொழுதை உறக்கத்திலும் ஓய்விலும் கழிக்கிறது. குட்டியும் முதிய நாயும் அதைவிட அதிக நேரம் படுத்திருக்கும். ஒருக்களித்துப் படுக்கும் நாயின் எடை தோள்பட்டை, முழங்கை, இடுப்பு ஆகிய சில புள்ளிகளில் மட்டும் இறங்குகிறது. அவ்விடங்களில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சதைப்பற்று மிகக் குறைவு. கடினமான தரையில் நாள்தோறும் அழுந்தும் முழங்கைத் தோல் முதலில் முடி உதிர்ந்து, தடித்து, சாம்பல் நிறத்தில் காய்த்துப் போகும். பெரிய உடலுடைய நாய்களுக்குச் சில வேளைகளில் அதன் அடியில் நீர் கோத்து, எலுமிச்சை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ வீங்கிவிடும். தொடக்கத்தில் இவ்வீக்கம் வலிப்பதில்லை என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. கிருமித் தொற்று ஏற்பட்டால் புண்ணாகிச் சீழ் வைக்கும். இதற்குக் கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முதல் மருத்துவம் மாத்திரையோ ஊசியோ அன்று, மெத்தென்ற படுக்கைதான்.

ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் போன்ற பெரிய இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். வயதானபின் மூட்டுத் தேய்மானமும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலைப் பொழுதில் இத்தகைய நாய் முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் இரண்டு மூன்று முறை முயன்று எழும். “சோம்பேறி நாய்” என்று அதை அதட்டுவது எளிது. உண்மையில் அது வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறது. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை நாயைப் போன்ற மெலிந்த வேட்டை இனங்களின் நிலை வேறு. அவற்றுக்குக் கொழுப்பும் குறைவு, முடியும் குட்டை. எலும்பு துருத்திய உடலுக்குக் குளிர், அழுத்தம் ஆகிய இரண்டும் சேர்ந்தே தொல்லை தரும்.

நல்ல படுக்கையை எப்படி அறிவது? கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன், உள்ளங்கையை மெத்தையின் நடுவில் வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். தரை கையில் தட்டுப்பட்டால், நாயின் முழங்கைக்கும் தட்டுப்படும். சிறிய நாய்க்கு ஐந்து சென்டிமீட்டர் கனம் பெரும்பாலும் போதும். 30 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு அதைப் போல் இரு மடங்கு தேவை. கனத்தைவிட உறுதியே முக்கியம். நாய் ஏறிப் படுத்தவுடன் அமுங்கித் தட்டையாகும் பஞ்சு மெத்தை எவ்வளவு உப்பலாக இருந்தாலும் பயனில்லை. மறுபுறம், அளவுக்கு மீறிக் குழையும் மெத்தையில் மூட்டுவலி உள்ள நாய் புதைந்துபோய், எழுவதற்கு ஊன்றுகோல் இல்லாமல் தவிக்கும்.

இலவம் பஞ்சு தோட்டத்து வீடுகளுக்குப் பழக்கமானது. அதன் இழைகள் உள்ளீடற்றவை. காற்றை அடக்கி வைத்திருப்பதால் குளிரைத் தடுக்கும். ஆனால், சில மாதங்களில் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். அடிக்கடி வெயிலில் உலர்த்தித் தட்டிக் கொடுக்க வேண்டும். வெயிலை நாள் கணக்கில் காணாத மலையில் இது நடக்கிற காரியமில்லை. தென்னைநார் மெத்தை உறுதியானது, அதன் மேல் கனத்த கம்பளி ஒன்றை விரித்தால் ஓரளவு நன்று. நுரைப்பஞ்சு, அதாவது எல்லாரும் ஸ்பாஞ்சு என்று சொல்வது, பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. பயன்படாமல் கிடக்கும் கட்டில் மெத்தையில் அமுங்காத பகுதியை வெட்டி, நல்ல உறை தைத்துப் போட்டால், கடையில் விற்கும் பல படுக்கைகளைவிட அது மேலானது.

மெமரி ஃபோம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1966ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளை மேம்படுத்தும் முயற்சியில் உருவானது இப்பொருள். உடலின் வெப்பத்தால் இளகி, உடல் வடிவத்துக்கேற்பக் குழிந்து, எடையைப் பரவலாகத் தாங்கும் தன்மையுடையது. மூட்டுவலி உள்ள முதிய நாய்க்கு உதவக்கூடியது. ஆயினும், வெப்பத்தால் இளகும் பொருள் குளிரில் இறுகும் அல்லவா? ஈப்போவில் மெதுவாக இருக்கும் அதே மெத்தை தானா ராத்தாவின் இரவில் சற்று விறைப்பாகவே இருக்கும். நாய் படுத்துச் சிறிது நேரம் கழித்தே இளகும். மேலே ஒரு கம்பளி விரிப்பு இருந்தால் அந்த நேரத்தைச் சமாளிக்கலாம். “எலும்புநலப் படுக்கை” என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி இரு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை உறையைத் திறந்து பார்ப்பதே நல்லது.

நான்கு கால் வைத்த கட்டில் போன்ற படுக்கையும் உண்டு. அடியில் காற்றோட்டம் இருப்பதால் கோலாலம்பூர் போன்ற வெப்பமான ஊர்களில் நாய்கள் அதை விரும்பும். கேமரன் மலையில் அதே காற்றோட்டம் முதுகுக்கடியில் குளிரைக் கொண்டுவரும். எனவே, அதன் மேல் கனத்த விரிப்பு வேண்டும். காய்கறி ஏற்றப் பயன்படும் மரப்பலகைத் தட்டு ஒன்றை அடியில் போட்டு, அதன் மேல் மெத்தையை வைப்பது மலிவான வழி. தரையின் ஈரமும் ஏறாது. ஆனால், உரச்சாக்கையோ பூச்சிமருந்து வந்த பெட்டியையோ படுக்கையாக்குவது ஆபத்து. நாய் தன் உடலையும் பாதங்களையும் நக்கும் பழக்கமுடையது. சாக்கில் ஒட்டியிருக்கும் எச்சம் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

அளவைப் பொறுத்தவரை, நாய் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, அதனோடு 15 முதல் 20 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். 1965ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான பிராம்பெல் குழுவின் அறிக்கை பண்ணை விலங்குகளைப் பற்றியது. நிற்க, படுக்க, திரும்ப, உடலைத் துப்புரவு செய்ய, கால்களை நீட்ட ஒவ்வொரு விலங்குக்கும் இடம் வேண்டும் என்றது அது. படுக்கையின் அளவுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சுருண்டு படுக்கும் நாய்க்கு விளிம்பு உயர்ந்த வட்டப் படுக்கை இதமளிக்கும். மூட்டுவலி உள்ள நாய்க்கு அவ்விளிம்பே தடையாகும். அதற்கு ஒரு பக்கமாவது தாழ்வாக இருக்க வேண்டும்.

பிறந்த குட்டிகளுக்குப் படுக்கை உயிர்ப் பிரச்சினை. முதல் இரண்டு வாரங்களில் அவற்றால் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் அவற்றைச் சுற்றி ஏறத்தாழ 30 பாகை வெப்பம் தேவை. தானா ராத்தாவின் இரவு அதில் பாதிதான். தாயை விட்டு உருண்டு விலகிய குட்டி, சிமெண்டுத் தரையில் விடியும்வரை பிழைத்திருப்பது கடினம். பக்கம் உயர்ந்த பெட்டியில் தடித்த விரிப்பிட்டு, வெந்நீர்ப் புட்டியைத் துண்டால் நன்றாகச் சுற்றி ஓர் ஓரத்தில் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் விலகிச் செல்ல மறு ஓரத்தில் இடம் விட வேண்டும்.

படுக்கை மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது. துவைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தெள்ளுப்பூச்சி நாயின் உடலில் முட்டையிட்டாலும் முட்டைகள் அங்கே தங்குவதில்லை. அவை உதிர்ந்து படுக்கையில் விழுகின்றன. புழுவும் கூட்டுப்புழுவும் அங்கேயே வளர்கின்றன. நாய்க்கு மருந்திட்டுவிட்டுப் படுக்கையை அப்படியே விட்டால், சில வாரங்களில் தெள்ளுகள் திரும்பி வரும். உறையை வாரம் ஒரு முறை ஏறத்தாழ 60 பாகை சூடான நீரில் துவைத்தல் நன்று. மலைப்பகுதியில் துணி காய நாளாகும் என்பதால் இரண்டு உறைகள் வைத்திருப்பது அறிவுடைமை. அரைகுறையாகக் காய்ந்த உறையை மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சிறுநீரை அடக்க முடியாத முதிய நாய்க்கு, உறைக்கும் நுரைப்பஞ்சுக்கும் நடுவில் நீர்புகாத துணி ஒன்று அவசியம். கண்டதையெல்லாம் கடித்துக் குதறும் இளம் நாய்க்கு நுரைப்பஞ்சே வேண்டாம். விழுங்கிய துண்டு குடலை அடைத்துவிடக்கூடும். கடிக்கும் வயது தாண்டும்வரை மடித்த கம்பளி போதும்.

மலேசியாவில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கின் உரிமையாளர் அதற்கு ஏற்ற சூழலையும் உணவையும் தர வேண்டும் என்கிறது. நோய், காயம், துன்பம் ஆகியவற்றிலிருந்து அதைக் காப்பதும் அவர் கடமை. சட்டத்தில் மெத்தை என்ற சொல் இல்லை. ஆனால், மழைச்சாரல் அடிக்கும் வாசலில் ஈரச் சாக்கின் மேல் நடுங்கும் நாய்க்கு ஏற்ற சூழல் அமைந்துள்ளது என்று யாரும் வாதிட முடியாது.

படுக்கையை எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. வாசற்கதவின் இடுக்கு வழியே காற்று வீசும் இடம் கூடாது. அடுப்புக்கு அருகிலும் கூடாது. வீட்டார் நடமாட்டம் கண்ணுக்குத் தெரியும் ஒரு மூலையே நாய்க்குப் பிடிக்கும். புதிய படுக்கையைப் போட்ட முதல் நாள் நாய் அதை மோந்து பார்த்துவிட்டு, வழக்கம்போலத் தரையிலேயே படுத்துக்கொள்வதும் உண்டு. அதை இழுத்துக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டாம். அது நாள்தோறும் படுத்த பழைய சாக்கையோ துணியையோ துவைத்துவிடாமல், சில நாள்கள் புதிய மெத்தையின் மேல் விரித்து வைத்தால், தன் வாடையை அறிந்து தானே ஏறிப் படுத்துக்கொள்ளும்.