மார்பகக் கட்டியும் குடும்ப வரலாறும்

மார்பகத்தில் கட்டி தென்பட்டதும், குடும்பத்தில் எவருக்கேனும் புற்றுநோய் இருந்ததுண்டா என்றே பெண்கள் முதலில் எண்ணிப் பார்க்கின்றனர். இல்லையெனில் வாளாவிருந்துவிடுகின்றனர். இது தவறான கணக்கு. மார்பகப் புற்றுநோயாளருள் பரம்பரை மரபணுக் கோளாறு உடையோர் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே. பெரும்பாலோருடைய நெருங்கிய உறவினருள் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை.

தாய்க்கு நோய் இருந்ததென்று மகள் நடுங்கவும் வேண்டுவதில்லை. கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்லாதவை. ஆனால், அதனைச் சோதித்தே அறிய இயலும். குடும்பத்தில் பலர் இளவயதிலேயே பாதிக்கப்பட்டிருப்பின் பி.ஆர்.சி.ஏ. 1, 2 மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. இக்கோளாறு தந்தை வழியிலும் வரக்கூடும். குடும்ப வரலாறு கூறுகையில் அத்தையை விட்டுவிடுவதே வழக்கமாயிருக்கிறது!

கையால் தொட்டறியும் சோதனையின் பயனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வு காட்டியது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெண்களைச் சோதித்தனர். 2021-இல் வெளியான முடிவுகளின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறை, 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனை வகுத்தது. இடையில் தோன்றும் கட்டிக்கு, வலி இல்லையாயினும், அடுத்த முறை வரும்வரை காத்திருத்தலாகாது.