விட்டுப் பிடிக்கும் வித்தை: சதுரங்கத்தில் ரேட்டி தொடக்கம்

சதுரங்கம் பயிலத் தொடங்குவோர்க்கு முதன்முதலாகச் சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு. பலகையின் நடுவைப் பிடித்துக்கொள் என்பதே அது. அறுபத்து நான்கு கட்டங்களுள் நட்டநடுவே அமைந்த நான்கு கட்டங்களை நடு என்பர். நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்கும். மூலையில் நிற்கும் குதிரையோ இரண்டைத்தான் தாக்கும். நடுவின் அருமைக்கு இந்த ஒரு கணக்கே போதுமான சான்று. ஆகவே அரசனுக்கோ அரசிக்கோ முன்னால் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவது நெடுங்கால வழக்கமாயிற்று.

இவ்வழக்கத்துக்கு மாறாக, நடுக் காலாட்களை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, பக்கங்களிலிருந்து ஆட்டத்தை விரிக்கும் முறைகளும் உள்ளன. இவற்றைப் பக்கத் தொடக்கங்கள் எனலாம். அவற்றுள் பெரும் விவாதத்தை எழுப்பியது ரேட்டி தொடக்கம். நடுவைப் பிடி என்னும் விதியின் உண்மைப் பொருள் யாது என்ற வழக்கு இத்தொடக்கத்தின் வழியாகவே சதுரங்க உலகில் விசாரிக்கப்பட்டது.

பழைய நெறி

சதுரங்கத்தை ஆராய்ச்சிக்குரிய கலையாக உயர்த்தியவர், 1886-ஆம் ஆண்டில் உலக வெற்றிவீரர் பட்டம் பெற்ற ஸ்டைனிட்ஸ். அவர் கண்ட உண்மைகளை எளிய விதிகளாக்கிப் பரப்பியவர் டாரஷ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். நடுவில் காலாளை நிறுத்து, காய்களை விரைந்து வெளிக்கொணர், இடநெருக்கடிக்கு ஆளாகாதே என்பன அவர் நெறியின் சாரம். கற்போர்க்கு அது நல்ல ஊன்றுகோலாயிற்று. நாளடைவில் ஊன்றுகோலையே காலென்று கொள்ளும் நிலையும் வந்தது. நடுவை ஏன் பிடிக்கவேண்டும் என்ற காரணம் மறந்துபோய், பிடிக்கவேண்டும் என்ற கட்டளை மட்டும் எஞ்சியது.

பக்கத்திலிருந்து ஆடும் முறை அதற்கு முன்பே இல்லாமற் போகவில்லை. 1843-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டாண்டன், பாரிஸ் நகரில் பிரெஞ்சு வீரர் செயிண்ட் அமாண்டுடன் பொருதபோது, அரசியின் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள காலாளைத் தள்ளிப் பல ஆட்டங்களைத் தொடங்கினார். அதனால் அம்முறைக்கு ஆங்கிலத் தொடக்கம் என்ற பெயர் நிலைத்தது. 1850-களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேனுடன் ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜி, மந்திரியைப் பக்கத்தில் வைத்து ஆடும் முறையில் தேர்ந்தவர். பழைய இந்திய ஆட்டத்தில் காலாள் முதல் நடையிலும் ஒரு கட்டமே நகரும். ஆகவே இந்திய ஆட்டக்காரர்களுக்கு அந்த நிதானம் இயல்பாக வந்தது. ஆயினும் இவையெல்லாம் தனித்தனி வழக்கங்களாகவே நின்றன. ஒரு கோட்பாடாகத் திரளவில்லை.

ரேட்டி கண்ட புதுமை

முதல் உலகப்போருக்குப் பின் அக்கோட்பாடு பிறந்தது. ஹங்கேரியரான பிரேயர், ரீகா நகரில் பிறந்த நிம்சோவிச், டார்டகோவர், ரிச்சர்ட் ரேட்டி ஆகியோர் இப்புது நெறியின் முன்னோடிகள். டார்டகோவர் இதற்கு அதிநவீன நெறி என்று பெயர் சூட்டினார்.

ரேட்டி 1889-ஆம் ஆண்டில், அன்றைய ஹங்கேரியிலும் இன்றைய ஸ்லோவாக்கியாவிலும் அடங்கிய பெசினோக் என்ற ஊரில் பிறந்தவர். வியன்னாவில் கணிதம் பயின்றவர். 1921-ஆம் ஆண்டில் அவர் அமைத்த சிறு புதிர் ஒன்று உலகப்புகழ் பெற்றது. வெள்ளை அரசன் நேராக ஓடினால் எதிரியின் காலாளைப் பிடிக்க இயலாது. ஆனால் மூலைவாட்டில் நடந்தால் எதிரியின் காலாளையும் நெருங்கலாம், தன் காலாளுக்கும் துணை போகலாம். சதுரங்கப் பலகையில் அரசனுக்கு மூலைவாட்டு வழி நேர்வழியைவிட நீண்டதன்று. ஒரே நடையில் இரு காரியம் முடிகிறது. ரேட்டியின் தொடக்கமும் இதே சிந்தனையின் விளைவுதான்.

அதன் அமைப்பைக் காண்போம். வெள்ளை முதலில் அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே கொணரும். கறுப்பு தன் அரசியின் காலாளை நடுவுக்குத் தள்ளும். உடனே வெள்ளை, அரசியின் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளி, அந்த நடுக் காலாளைப் பக்கத்திலிருந்து தாக்கும். பின்னர் குதிரைகளுக்கு முன்னுள்ள காலாட்கள் நகர்ந்து வழிவிட, மூலைவாட்டில் ஓடும் மந்திரிகள் இரண்டும் அவ்விடங்களில் அமரும். இவ்வாறு மந்திரியை அமர்த்துவதைக் குறிக்கும் ஃபியாங்கெட்டோ என்ற இத்தாலியச் சொல்லுக்குச் சிறுபக்கம் என்பதே பொருள். ஒரு மந்திரியின் பாதையில் நடுக் கட்டங்கள் இரண்டு, மற்றதன் பாதையில் எஞ்சிய இரண்டு. நடுவில் ஒரு காலாளும் இல்லாமலே நான்கு கட்டங்களும் வெள்ளையின் பார்வைக்குள் வந்துவிடுகின்றன.

இனிக் கறுப்பு என்ன செய்யும்? தன் நடுக் காலாளால் வெள்ளையின் பக்கக் காலாளை வெட்டினால், நடுவைக் கைவிட்டதாகும். வெட்டுண்ட காலாளுக்கு ஈடாக வெள்ளை பின்னர் ஒன்றை மீட்டுக்கொள்ளும். காலாளை மேலும் முன்னே தள்ளினால், அது தன் படையை விட்டு விலகித் தாக்குதலுக்கு இலக்காகும். அங்கேயே நிறுத்திக் காக்க முற்பட்டால், காவலுக்கே காய்கள் செலவாகும். எதிரியை முன்னேறவிட்டு, அவன் பிடித்த இடத்தையே அவனுக்குச் சுமையாக்குவது இம்முறை. நம்மவர் சொல்லும் விட்டுப் பிடித்தல் இதுவே.

நியூயார்க் 1924

புதுநெறிக்குப் பெருஞ்சோதனை 1924-ஆம் ஆண்டில் நியூயார்க் போட்டியில் வந்தது. அங்கு ஆடியவர்களுள் அன்றைய உலக வெற்றிவீரர் கபாபிளாங்காவும் ஒருவர். 1916-ஆம் ஆண்டுக்குப் பின் எட்டாண்டுகளாக அவர் ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை. மார்ச் 22-ஆம் நாள் ரேட்டி அவருக்கு எதிராகக் குதிரையை நகர்த்தித் தொடங்கினார். கபாபிளாங்கா நடுவில் இடம் பிடித்தார். ரேட்டியோ தம் அரசியின் காலாளை நெடுநேரம் அடக்கிவைத்து, பதினாறாம் நடையில்தான் நடுவுக்குத் தள்ளினார். அதன்பின் நடு திறந்தது. பக்கங்களில் காத்திருந்த காய்கள் பாய்ந்தன. 31-ஆம் நடையில் கபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதே போட்டியில் போகொல்யூபோவை ரேட்டி 25 நடைகளில் வென்ற ஆட்டம் அழகுக்கான முதற்பரிசைப் பெற்றது. யேட்ஸுடன் ஆடியபோது, அரசியையே பலகையின் மூலையில் கொண்டுபோய் வைத்து, மந்திரிக்குப் பின்னின்று மூலைவாட்டில் நடுவை நெருக்கினார்.

எனினும் பழைய நெறி வீழ்ந்துவிட்டது என்று கருதுவது பிழை. ஐம்பத்தைந்து வயதான முன்னாள் உலக வெற்றிவீரர் லாஸ்கர் அதே போட்டியில் ரேட்டியைத் தோற்கடித்தார். நடுவில் ஒரு காலாளை நிறுத்தி, அதற்குப் பக்கத்துணை வைத்து, மந்திரியைக் காலாட்களுக்கு வெளியே முன்கூட்டியே கொண்டுவந்து, அவசரமின்றி ஆடினார். அம்முறை இன்றும் ரேட்டி தொடக்கத்துக்குத் தக்க மறுமொழியாகக் கொள்ளப்படுகிறது. போட்டியில் லாஸ்கர் முதலிடமும், கபாபிளாங்கா இரண்டாமிடமும், ரேட்டி ஐந்தாமிடமும் பெற்றனர். வழக்கின் தீர்ப்பு ஒருதலையாக அமையவில்லை. நடு முக்கியம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். அதில் குடியேறியும் ஆளலாம், தொலைவிலிருந்தும் ஆளலாம் என்பது தெளிவாயிற்று.

பின்வந்தோர்

1925-ஆம் ஆண்டில் பிரேசிலின் சாவோ பாலோவில், பலகையைப் பாராமலே 29 பேருடன் ஒருசேர ஆடிச் சாதனை புரிந்த ரேட்டி, 1929-ஆம் ஆண்டில் பிராக் நகரில் செங்காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

அவர் காட்டிய வழி அவரோடு முடியவில்லை. 1987-ஆம் ஆண்டு ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், இறுதி ஆட்டத்துக்கு முன் கார்ப்போவ் ஒரு புள்ளி முன்னணியில் இருந்தார். அந்த ஒரே ஆட்டத்தை வென்றால்தான் காஸ்பரோவின் பட்டம் தங்கும். அத்தகைய நெருக்கடியில் நேர்ப்பாய்ச்சலையே எவரும் எதிர்பார்ப்பர். காஸ்பரோவோ மந்திரிகளைப் பக்கங்களில் அமர்த்தி, நடுக் காலாட்களைத் தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டமே நகர்த்தி, ரேட்டியின் வழியில் பொறுமையாக ஆடி வென்றார். போட்டி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு எனச் சமமாகி, பட்டம் அவரிடமே நின்றது.

நடுவைப் பிடி என்ற பாடம் இன்றும் மாணவர்க்கு முதற்பாடமே. அதன் காரணத்தையும் உடன் கற்றவனுக்கு, பிடிக்கும் வழி ஒன்றல்ல என்பது தானே விளங்கும்.