பரிதிவட்டத்தை விட்டுப் பந்தைப் பற்றியவர்

கொடிகாமம் சந்தையிலே குவிந்து கிடக்கும் தேங்காய்களைக் கண்டறியாதார் யாழ்ப்பாணத்தில் அரியர். அவற்றுள் உரியாத காயொன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் கூராக்கித் தோல் போர்த்தால் எவ்வாறிருக்கும்? ஏறக்குறைய அத்தகைய பந்தொன்றை மார்போடணைத்துக் கொண்டு ஓடுவதே அமெரிக்கக் கால்பந்தாட்டம். நாம் உதைபந்தாட்டம் என்று வழங்கும் ஆட்டத்துக்கும் இதற்கும் பெயரளவிலேதான் உறவு. பந்தைக் காலால் உதைக்கும் வேளை மிகச் சில. கையிலேந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதும், எதிரே வருபவனை மோதி வீழ்த்துவதுமே பெரும்பகுதி. பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். இயலாவிடின் பந்து பெரும்பாலும் எதிரணியின் கைக்குப் போய்விடும். தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு வரும் ஆட்டக்காரரைப் பார்த்தால் கூத்துக் களரிக்குப் புறப்பட்ட வேடதாரிகளோ என்று நம் பெரியோர் ஐயுறவுங் கூடும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வளரும் நம் உறவினர் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் இவ்வாட்டத்தைப் பற்றியே பேசுகின்றனர். ஆகவே, வேற்று நாட்டிலிருந்து போய், வேற்று விளையாட்டிலிருந்து வந்து, இதிலே முதலிடம் பெற்ற ஒருவரின் வரலாற்றை அறிந்து வைத்தல் நன்று.

அவர் பெயர் கிறிஸ்ரியன் ஒக்கோயே. மேற்கு ஆபிரிக்காவின் நைஜீரியாவில் எனுகு என்னும் நகரில் 1961 ஆம் ஆண்டு பிறந்தவர். 1967 முதல் 1970 வரை அந்நாட்டை வாட்டிய உள்நாட்டுப் போர் அவருடைய பிள்ளைப் பருவத்திலே மூண்டது. எனுகு பயாவ்ரா தரப்பின் முதல் தலைநகராயிருந்தது என்றால், அங்குப் பிறந்த சிறுவரின் நிலையை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் பாடசாலைகளில் பரிதிவட்டம் எறிதல் எனப்படும் தட்டெறிதலே இளமையில் அவர் தேர்ந்த கலை. அதன் பயனாக 1982 இல் கலிபோர்னியாவிலுள்ள அசூசா பசிபிக் என்னும் சிறிய கல்விக்கூடத்திற்குச் சென்றார். 1984 இல் ஒலிம்பிக் விளையாட்டு அயல் நகராகிய லொஸ் ஏஞ்சல்ஸிலேயே நடைபெற்றது. அவர் நாட்டு அணியும் அங்கு வந்தது. ஆயின், ஒக்கோயேக்கு அவ்வணியிலே இடமளிக்கப்படவில்லை. அவ்வாண்டிலேதான், இருபத்து மூன்றாம் வயதில், கல்லூரியின் கால்பந்து அணியிற் சேர்ந்தார். அதற்கு முன் அவர் அப்பந்தைக் கொண்டு ஆடியவரல்லர்.

இந்த மாற்றத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பரிதிவட்டம் எறிபவன் இரண்டரை மீற்றர் விட்டமுள்ள வட்டத்துள் தனியே நிற்கிறான். அவனை எவரும் தீண்டுவதில்லை. தன் காலின் வலுவும், இடுப்பின் சுழற்சியும், கைவிட்ட கணமுமே அவனுக்குரிய உலகம். பந்தேந்தி ஓடுபவனுக்கோ எதிரிலுள்ள பதினொருவரும் பகைவர். அனைவருடைய நோக்கமும் அவனை மண்ணிலே சாய்ப்பது. எறிவீரனின் தொடை வலுவும், நின்ற நிலையிலிருந்து சட்டெனச் சீறும் வேகமும் புதிய ஆட்டத்துக்கு உடன் வந்தன. பந்தை நழுவவிடாது பற்றுவது, முன்னிற்கும் காவலில் இடைவெளியைக் கண்டு நுழைவது, அடிபட்டு எழுவது ஆகியவற்றையெல்லாம் அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. உடற்பலம் இருந்தாற் போதும் என்று கருதுவோர் இவ்விடத்தைக் கவனிக்க.

மூன்றே ஆண்டுகளில், 1987 இல், கன்சாஸ் சிற்றி சீவ்ஸ் என்னும் தொழின்முறை அணி அவரைத் தேர்ந்தது. 1989 ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் பந்தேந்தி ஓடிய மொத்தத் தூரம் 1,480 கெஜம். அவ்வாண்டு அந்த லீக் முழுவதிலும் அதுவே அதிகம். நைஜீரியக் கொடுங்கனவு என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டஞ் சூட்டின.

இங்கே கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். அத்தூரத்தை ஓட அவர் பந்தை ஏந்தியது 370 தடவை. வகுத்தால் தடவைக்குச் சரியாக நான்கு கெஜம். நம் வீட்டு விறாந்தையின் நீளந்தான். அந்த நான்கு கெஜத்தின் முடிவில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் அவர்மீது பாய்ந்து வீழ்த்தியிருப்பர். அத்தகைய மோதல்களை ஓர் உடம்பு எத்தனை காலம் தாங்கும்? முழங்காற் காயங்கள் மிகுந்து, ஆறு பருவங்களோடு அவர் ஆட்டம் முடிந்தது. புகழை எழுதுவோர் இவ்வாறெண்ணைச் சிறிய எழுத்திலே போட்டுவிடுகின்றனர்; நாம் பெரிதாகவே போட விரும்புகிறோம்.

2017 முதல் அந்த லீக் பிறநாட்டு வீரரைத் தேடிப் பயிற்றும் திட்டமொன்றை நடத்தி வருகிறது. சமோவாப் பெற்றோருக்கு அவுஸ்திரேலியாவிற் பிறந்த ஜோர்டன் மைலாட்டா, றகர் லீக் ஆடிவந்தவர். இத்திட்டத்தின் வழி 2018 இல் 233 ஆம் தேர்வாகப் பிலடெல்பியா அணியிற் சேர்ந்தார். முதலிரு பருவங்களிலும் ஒரு பருவ ஆட்டத்திலேனும் அவர் இறங்கவில்லை. அவ்வணி 2025 பெப்ரவரியில் இறுதிக் கிண்ணம் வென்றபோது அவர் அதன் தூண்களுள் ஒருவர்.

அயல் நாடாகிய இந்தியாவிலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு, ஆட்டந்தான் வேறு. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டியெறிந்து வந்த றிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இளைஞர் இருவர், 2008 இல் பந்தெறியும் போட்டியொன்றிலே தெரிந்தெடுக்கப்பட்டு அமெரிக்கா சென்றனர். பேஸ்போல் என்னும் தளப்பந்தாட்டத்தை அதற்கு முன் அவர்கள் அறியார். அவ்வாண்டு முடியுமுன்னரே பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தஞ் செய்தது. ஆயினும், உச்ச லீக்கின் வாயிலை இருவரும் எட்டவில்லை. தினேஷ் 2010 இல் விடுவிக்கப்பட்டு நாடு திரும்பினார். றிங்குவைக் காயங்கள் தடுத்தன; 2018 இல் அவர் தொழின்முறை மல்யுத்தத்திற்கு மாறினார். இவர்கள் கதையைச் சொல்லும் ஆங்கிலப் படம் 2014 இல் வெளிவந்தது. இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான்.

யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கக் கல்லூரித் திடலுக்குப் போனவர் இல்லையா என்று மாணவர் கேட்கலாம். பெரியவிளானில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குகொண்டார். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரந்தாண்டி இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தை ஈட்டினார். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையிற் பயின்ற அவர் உயரம் பாய்தலைக் கைவிட்டாரில்லை, கல்வியையும் கைவிட்டாரில்லை. பின்னர்க் கலாநிதிப் பட்டமும் பெற்று 2024 இல் மறைந்தார்.

பெற்றோர்க்கு ஒரு செய்தி கூறுவோம். அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஆண்டுத் தேர்வுக்கு, உயர்பாடசாலை முடித்து மூன்றாண்டு கழிந்தவரே தகுதியுடையர். கல்லூரிகளின் விளையாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் பாடசாலைப் பெறுபேறு கேட்கப்படும். எந்த விளையாட்டுக்காகவேனும் இவ்வழியை நாடும் பிள்ளை, வலய, மாகாணப் போட்டிகளில் எறிந்த தூரத்தையும் தாண்டிய உயரத்தையும் திகதியோடு குறித்த சான்றிதழ்களை இன்றே திரட்டி வைக்கட்டும். விண்ணப்பம் அனுப்பும் நாளில் அவையும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறும் ஒரே உறைக்குள்ளேதான் போக வேண்டியிருக்கும்.