தலைமை ஆசிரியரை விரட்ட குடிநீரில் நஞ்சு

பெங்களூரு: பெலகாவி மாவட்டம், சவதத்தி தாலுகா, ஹூலிகட்டி கிராம அரசுப் பள்ளியில் 13 ஆண்டுகளாகப் பணியாற்றிய இஸ்லாமியத் தலைமை ஆசிரியர் மீது பழி விழச் செய்து, அவரை இடம் மாற்றுவதற்காக, 2025 ஜூலை 14ல் மாணவர்களின் தண்ணீர்த் தொட்டியில் நஞ்சு கலக்கப்பட்டது. சுமார் பன்னிரண்டு குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

அவர் மீது உண்மையான குறை இருந்திருந்தால், கல்வித்துறைக்கு ஒரு மனு போதுமே, நஞ்சு எதற்கு? இதற்குப் பிறகும் அவரை மாற்றுவதென்றால், சதிகாரர்கள் கேட்டதை அரசே கொடுத்ததாகிவிடும்.

ஸ்ரீராம் சேனா தாலுகா தலைவர் உட்பட மூவர் ஆகஸ்டில் கைதாயினர். மதவெறிச் செயல் என முதல்வர் சித்தராமையா கண்டித்தார். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு சாக்லேட்டும் 500 ரூபாயும் கொடுத்து, அவன் கையாலேயே நஞ்சைக் கலக்க வைத்ததாகப் போலீசார் தெரிவித்தனர்.