சிக்கனப் பந்துவீச்சும் காலத்தின் அளவுகோலும்

ஒருநாள் கிரிக்கெட்டில் மிகச் சிக்கனமான வேகப்பந்து வீச்சாளர் யார் என்ற கேள்வி எழும்போதெல்லாம், புள்ளிவிபரப் பட்டியல் ஒன்றைக் காட்டி விவாதத்தை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் முழு உண்மையையும் அது சொல்வதில்லை என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

மேற்கிந்தியத் தீவுகளின் ஜோயல் கார்னர் 98 போட்டிகளில் 146 விக்கெட்டுகளை வீழ்த்தியபோது, ஓவருக்கு 3.09 ஓட்டங்களையே விட்டுக்கொடுத்தார். நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹட்லி 3.30, கேர்ட்லி அம்ப்ரோஸ் 3.48, தென்னாபிரிக்காவின் ஷோன் பொலக் 3.67, அவுஸ்திரேலியாவின் கிளென் மெக்ரா 3.88 என வரிசை நீள்கிறது. 322 போட்டிகளில் 400 விக்கெட்டுகளைக் கைப்பற்றிய எமது சமிந்த வாஸின் சராசரி 4.18 ஆகும். இந்தியாவின் ஜஸ்பிரித் பும்ராவோ 4.6 அளவில் நிற்கிறார். இதனை மட்டும் பார்ப்பவர், பந்துவீச்சின் தரம் தலைமுறைக்குத் தலைமுறை வீழ்ந்து வந்துள்ளதாகவே முடிவுசெய்வார்.

உண்மையில் மாறியது ஆட்டமே. 1979 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் 60 ஓவர்களில் 287 ஓட்டங்களை விரட்டிய இங்கிலாந்தின் ஆரம்ப ஜோடி, 129 ஓட்டங்களைப் பெற 38 ஓவர்களை எடுத்துக்கொண்டது. பின்னர் கார்னர் 38 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளைச் சாய்க்க, அவ்வணி 194 ஓட்டங்களுடன் சுருண்டது. விக்கெட்டைக் காப்பதே அன்றைய துடுப்பாட்ட வீரர்களின் முதற் கடமையாக இருந்தது.

1992 உலகக் கிண்ணத்தில் முதல் 15 ஓவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே இரு களத்தடுப்பாளர்களே அனுமதிக்கப்பட்டனர். 1996 இல் சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் அந்த இடைவெளியை ஓட்டங்களாக மாற்றிக் காட்டினர். 2005 இல் பவர்ப்ளே வந்தது. 2006 இல் ஜொஹன்னஸ்பேர்க்கில் அவுஸ்திரேலியா பெற்ற 434 ஓட்டங்களைத் தென்னாபிரிக்கா அதே நாளில் கடந்தது. 2011 இல் இரு முனைகளிலும் புதிய பந்து பயன்பாட்டுக்கு வந்ததால், பழைய பந்தின் ரிவர்ஸ் சுவிங் அரிதாயிற்று. 2025 இல் 34 ஓவர்களின் பின்னர் ஒரே பந்து என விதி திருத்தப்பட்டமை, சமநிலை குலைந்திருந்ததை ஏற்றுக்கொண்டதற்குச் சமமாகும்.

ஆகவே, ஒரு வீச்சாளரை அவரது காலத்தின் பொதுச் சராசரியுடன் ஒப்பிடுவதே நியாயமாகும். 1980களில் ஓவருக்குச் சுமார் 4.5 ஓட்டங்கள் பெறப்பட்டன. கார்னர் அதற்கு ஏறக்குறைய 1.4 ஓட்டம் கீழே நின்றார். பொலக்கின் காலத்தில் சராசரி 5ஐ நெருங்கியிருந்தது. அவரும் ஒன்றேகால் ஓட்டம் அளவுக்குக் கீழே நின்றார். பட்டியலில் தெரியும் இடைவெளி இவ்வாறு பெருமளவு சுருங்கிவிடுகிறது. பொதுச் சராசரி 5ஐத் தாண்டிய காலத்தில் வீசும் பும்ராவும், முந்திய காலத்து வாஸும் தத்தமது சராசரிகளுக்கு அரை ஓட்டத்துக்கும் மேல் கீழேயே நிற்கின்றனர்.

இந்த அளவுகோலிலும் கார்னரே முதலிடத்தில் இருக்கிறார். அவரது பெருமை குறையவில்லை. ஆனால் அவரது 3.09ஐக் காட்டி இன்றைய இளம் வீச்சாளர்களைக் குறைகூறுவது அநீதியாகும். 1979 இன் ஆடுகளத்தையும் விதிகளையும் அவர்களுக்கு எவரும் வழங்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.