பெயர் எழுதாத படம் பேசாது

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். இல்லாவிட்டால் பாட்டியின் துணிப் பெட்டிக்குள் ஓர் உறையாவது இருக்கும். அதற்குள்ளே தோட்டத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். மாரியம்மன் திருவிழாப் படம், தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்புப் படம், யாருடைய கல்யாணப் படமோ ஒன்று! படத்தைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். பின்னால் ஒரு வரிகூட இல்லை. "இது யார்?" என்று கேட்டால், "அது தெரிந்த பெரியம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு" என்கிறார்கள்.

படம் இருக்கிறது. படத்தின் செய்திதான் போய்விட்டது.

இன்று பிள்ளைகள் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பிடித்து 'வாட்ஸ்அப்'பில் அனுப்பிவிட்டு, "இனி அழியாது" என்கிறார்கள். உண்மை என்ன? கோப்பின் பெயர் வெறும் எண் வரிசை. சாதாரணப் படமாக அனுப்பும்போது அதன் தெளிவு குறைகிறது. கைப்பேசி தானாகக் குறித்து வைத்திருந்த இடம், நேரம் போன்ற விவரங்களும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. பேசாத ஒரு படத்துக்குப் பதிலாகப் பேசாத நூறு படங்கள் கிடைக்கின்றன, அவ்வளவுதான்!

இந்தக் குறையைத் தீர்க்க உலக நூலகங்கள் ஒரு வழி கண்டுள்ளன. அதற்கு 'மெட்டாடேட்டா' என்று பெயர். தமிழில் மீதரவு என்கிறார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். நம் தோட்டத்து மக்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதிதான்.

செக்ரோல் சொல்லும் பாடம்

தோட்டத்தில் கிராணியார் கையில் செக்ரோல் இருக்கும். ஆளின் பெயர், எண், எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால், எவ்வளவு சம்பளம் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒவ்வொரு கட்டம் உண்டு. செக்ரோல் ஆள் அல்ல. ஆளைப் பற்றிய குறிப்பு. ஆனால் அது இல்லாவிட்டால் மாதக் கடைசியில் சம்பளம் போட முடியுமா?

மெட்டாடேட்டாவும் அதுவே. நூலோ படமோ ஒலிப்பதிவோ, அந்தப் பொருளைப் பற்றிக் கட்டம் கட்டமாக எழுதி வைக்கும் குறிப்பு அது.

எல்லாத் தோட்டத்துக் கிராணியும் அவரவர் விருப்பப்படி எழுதினால் கணக்குப் பார்க்க முடியாது. ஒரே மாதிரிக் கட்டங்கள் வேண்டும். அந்தப் பொது ஒழுங்கைத்தான் தரம் அல்லது நியமம் என்கிறோம்.

நூலகத்துக்கு ஒழுங்கு தந்தவர்களுள் ஒரு தமிழரும் இருக்கிறார் என்பது நமக்குப் பெருமை. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கான ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தேடி வருபவர் கையில் பொருள் சீக்கிரம் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை குறிப்பும்.

பதினைந்து கட்டங்கள்

கணினி வலையில் பொருள்கள் பெருகத் தொடங்கியதும், 1995 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டப்ளின் என்ற ஊரில் நூலகர்களும் கணினி வல்லுநர்களும் கூடினார்கள். எளிய மனிதரும் நிரப்பக்கூடிய ஒரு படிவம் வேண்டும் என்று பேசினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'டப்ளின் கோர்'. அது 2003இல் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

அதில் உள்ளவை பதினைந்தே கட்டங்கள்: தலைப்பு, ஆக்கியவர், பொருள், விளக்கம், வெளியிட்டவர், உதவியவர், தேதி, வகை, வடிவம், அடையாள எண், மூலம், மொழி, தொடர்பு, இடமும் காலமும், உரிமை. எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தெரிந்ததை எழுதினால் போதும்.

கட்டம் போடுவது எளிது. அதற்குள் எதை எழுதுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அகிலனும் அகிலாண்டமும்

நம் நாட்டு ரப்பர் தோட்டத்து வாழ்வைப் பற்றித் தமிழகத்து எழுத்தாளர் அகிலன் எழுதிய நாவல் 'பால்மரக் காட்டினிலே'. அதன் தலைப்பில் 'ரப்பர்' என்ற சொல் இல்லை; 'மலேசியா' என்ற சொல்லும் இல்லை. ரப்பர் தோட்டம் பற்றிய நாவல் வேண்டும் என்று ஒரு மாணவி கணினியில் தேடினால், தலைப்பை மட்டும் பார்க்கும் கணினி கையை விரித்துவிடும். 'பொருள்' என்ற கட்டத்தில் 'ரப்பர் தோட்டத் தொழிலாளர், மலேசியா' என்று யாராவது எழுதியிருந்தால்தான் நூல் கிடைக்கும்.

அடுத்தது பெயர். அகிலனின் இயற்பெயர் அகிலாண்டம். ஆங்கில எழுத்தில் அவர் பெயரை ஒருவர் 'க' ஒலிக்கு ஓர் எழுத்திட்டு எழுதுவார். மற்றவர் வேறோர் எழுத்திடுவார். கணினிக்கு இவர்கள் எல்லாரும் வெவ்வேறு ஆட்கள்! ஆகவே நூலகங்கள் ஒரு பெயரைத் தலைமைப் பெயராக வைத்துக்கொண்டு, மற்றப் பெயர்களை அதனோடு இணைத்து ஒரு பட்டியல் வைக்கின்றன. நம் எழுத்தாளர்களில் புனைபெயர் இல்லாதவர் எத்தனை பேர்? இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் ஒருவருடைய படைப்புகள் நான்கு பேருடையவையாகச் சிதறிவிடும்.

தேதியிலும் வில்லங்கம் உண்டு. பழைய திருவிழா நோட்டீஸ் ஒன்றில் 'பிரபவ வருஷம், பங்குனி மாதம்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அது எந்த ஆண்டு? பிரபவ 1927இல் பிறந்தது. அறுபது ஆண்டுச் சக்கரம் சுற்றி 1987இலும் பிறந்தது. 4-1-74 என்று எழுதினால் ஜனவரி நான்கா, ஏப்ரல் ஒன்றா? இதற்காகவே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 1974-01-04 என்று எழுத வேண்டும் என அனைத்துலக விதி செய்திருக்கிறார்கள்.

இடப் பெயரைக் கேட்கவே வேண்டாம்! தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர்கள் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதினால்தான் பேரப்பிள்ளை கண்டுபிடிப்பான்.

யாழ்ப்பாணம் கற்பித்தது

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். இலங்கைத் தமிழரைக் கேளுங்கள். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் பழைய இதழ்களும் அவற்றுள் இருந்தன.

அந்த வடு ஆறாத சமூகத்திலிருந்து 2005இல் 'நூலகம்' என்ற மின்னிலக்க நூலகம் எழுந்தது. தன்னார்வ இளைஞர்கள் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, எவரும் காசின்றிப் படிக்க வலையில் ஏற்றினார்கள். அங்கே ஒரு நூலைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு சிறு பெட்டி. நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். இதுதான் மெட்டாடேட்டா. தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழரின் ஆவணங்களையும் அவர்கள் தேடிச் சேர்க்கிறார்கள். தோட்டத்து மக்களுக்கும் வரலாறு உண்டு என்பதை அங்கே செய்து காட்டுகிறார்கள்.

தமிழகத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாளெல்லாம் பழைய தமிழ் நூல்களையும் நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்தார். அவரது சேமிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாக அமைக்கப்பட்டது. மற்றவர்கள் குப்பை என்று எறிந்த நோட்டீஸ், பட்டியலில் ஏறியதும் ஆராய்ச்சிக்குரிய பொருளானது.

கோப்பும் கெட்டுப் போகும்

காகிதத்தைச் செல் அரிக்கும். கணினிக் கோப்பை எது அரிக்கும்? காலம்தான். பழைய நெகிழ் வட்டுகளை இன்று படிக்கக் கருவி கிடைப்பது அரிது. தமிழுக்குத் தனித் தொல்லையும் உண்டு. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. ஆனாலும் அதன் பிறகும் நெடுங்காலம் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு முறையில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்பை இன்று திறந்தால் கந்தலும் கிறுக்கலுமாக இருக்கும். எந்த எழுத்துரு என்று குறிப்பு இருந்தால் மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் தேடித் திண்டாட வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்', முன்பு பழைய குறியீட்டில் ஏற்றிய இலக்கியங்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றித்தான் காப்பாற்றியது.

ஆகவே காப்புக்கென்றே தனிக் குறிப்பு வேண்டும்: எந்தக் கருவியால் படியெடுத்தது, என்ன வடிவம், எப்போது மாற்றப்பட்டது, யார் மாற்றினார். இதற்கென 2005இல் 'பிரேமிஸ்' என்ற தரம் வெளிவந்தது. அதில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் கணினி ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைக்கும். தோட்டத்தில் நிறுத்த பாலின் எடை ஆலையிலும் ஒத்து வர வேண்டுமல்லவா? அது போலத்தான். ஐந்து ஆண்டு கழித்து மீண்டும் கணக்கிட்டால் அதே எண் வர வேண்டும். மாறியிருந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பொருள். நல்ல படியிலிருந்து உடனே புதுப்பித்துக்கொள்ளலாம்.

நூலுக்கு இன்னொரு குறிப்பும் தேவை. இருநூறு பக்க நூலைப் படியெடுத்தால் இருநூறு படங்கள். எது அட்டை, எது முதல் பக்கம், எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்று வரிசை சொல்ல வேண்டும். அதற்கு 'மெட்ஸ்' என்ற தரம் இருக்கிறது. ஊசியும் நூலுமாக நின்று அது புத்தகத்தைத் தைத்துக் கொடுக்கிறது.

நம் மலாக்காவில்

மலேசியாவில் ரப்பரை முதன்முதலில் வாணிபப் பயிராக நட்டது நம் மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார்; பிறகு புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. அந்தக் காடுகளைத் தோட்டமாக்கிய கைகளில் தமிழர் கைகள் எத்தனை! முதலாளியின் பெயர் வரலாற்று நூலில் இருக்கிறது. பால் வெட்டியவர் பெயர் எங்கே இருக்கிறது? செக்ரோலில் இருந்தது, பள்ளிப் பதிவேட்டில் இருந்தது, கோயில் நன்கொடைப் பட்டியலில் இருந்தது. தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகி, மக்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் மலாக்கா நகருக்கும் பெயர்ந்தபோது அந்தக் காகிதங்கள் என்னவாயின?

1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இல் நின்றுபோனது. ஒரு பத்திரிகை நின்றபின் அதன் பழைய இதழ்களை யார் வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது. சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சங்க வெள்ளிவிழா மலர் அச்சிடும் அன்பர்கள் இதை மறக்கக் கூடாது. ஐஎஸ்பிஎன் எண் வாங்குவதும் அங்கேதான். 978க்குப் பின் 967 அல்லது 983 என்று தொடங்கினால் அது மலேசிய நூல் என்று உலகமே அறிந்துகொள்ளும்.

நீங்கள் செய்யக்கூடியது

இதற்குக் கணினிப் படிப்பு வேண்டாம். பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்.

1. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். படத்தின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும்.

2. நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே எழுதுங்கள்: யார் யார் (இடமிருந்து வலமாக), எங்கே, எப்போது, என்ன நிகழ்ச்சி, எடுத்தவர் யார், இந்த விவரம் சொன்னவர் யார்.

3. ஆண்டு உறுதியில்லையா? '1960களில்' என்றே எழுதுங்கள். ஊகத்தை உண்மை போல் எழுதிவிடாதீர்கள்.

4. கைப்பேசியில் படம் பிடித்த பின் கோப்புக்கும் அந்த எண்ணையே பெயராக வையுங்கள். பிறருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது.

5. மூன்று படி வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறொரு கருவியில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம். நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் படம் பிடித்து அதனோடு சேருங்கள்.

6. பிறர் முகம் உள்ள படத்தை ஊரறியப் போடுமுன் அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள். பதினைந்து கட்டங்களில் 'உரிமை'யும் ஒன்று.

பொருளைப் படியெடுக்கக் கருவிகள் நாளைக்கும் கிடைக்கும். இன்னும் மலிவாகவே கிடைக்கும். ஆனால் "முன்வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் எங்கள் மண்டோர், பக்கத்தில் நிற்பது அவர் தங்கச்சி" என்று சொல்லக்கூடிய தாத்தாவும் பாட்டியும் நாளைக்கும் இருப்பார்கள் என்று யார் உறுதி சொல்வது? இந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். ஒரு நாளைக்குப் பத்துப் படம் போதும்.