பிளாஸ்டிக் அட்டை வந்துவிட்டது: பெயர் பதிவில் இருக்கிறதா?

சேர்வராயன் மலையில் மழையும் பனிமூட்டமும் ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. பெட்டியில் பூட்டி வைத்த தாளும் இங்கு ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். நம் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பலர், நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, மை மங்கிய காப்பீட்டுத் தாளை மிகுந்த தயக்கத்துடன் நம்மிடம் நீட்டுவதுண்டு. அண்மைக்காலமாக அவர்களுள் பலர் வங்கி அட்டையைப் போன்ற பிளாஸ்டிக் அட்டையுடன் வருகின்றனர். கிழியாது, நனையாது, சட்டைப்பையில் அடங்கும். இந்த மாற்றம் நன்மையானதே. ஆயினும், அட்டை உறுதியாகிவிட்டதால் சிகிச்சையும் உறுதியாகிவிட்டது என்று எண்ணுவோர் சிலர் இடர்ப்படுவதையும் நாம் காண்கிறோம். ஆகவே இவ்விதழில் அட்டையைப் பற்றிச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறோம்.

ஒரு நிகழ்ச்சி

சென்ற மழைக்காலத்தில் மலையூர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தார் தம் மருமகளை அழைத்து வந்தனர். அவரைச் சேலத்துக்கு அனுப்பி அறுவைச் சிகிச்சை செய்யவேண்டிய நிலை. மாமனார் புத்தம்புதிய பிளாஸ்டிக் அட்டையை எடுத்துத் தந்தார். அதன் எண்ணைக் கணினியில் இட்டுப் பார்த்தபோது குடும்பத்தினர் அனைவரின் பெயரும் இருந்தது. மருமகளின் பெயர் மட்டும் இல்லை. திருமணமாகி ஓராண்டு கடந்தும் அவர் பெயர் பிறந்தவீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்படவில்லை. புகுந்தவீட்டுக் குடும்ப அட்டையில் சேர்க்கப்படவும் இல்லை. பின்னர் அவருடைய தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, பிறந்தவீட்டுக் குடும்ப அட்டை எண்ணைக் கேட்டுப் பெற்றுத் தேடினோம். அங்கே பழைய பதிவு ஒன்றில் அவர் பெயர் இருந்தது. அந்த வீட்டில் இருந்ததோ எழுத்து மங்கிய பழைய தாள்தான். அந்தத் தாளில் கண்ட எண்ணே அவருக்குச் சிகிச்சையைப் பெற்றுத் தந்தது.

எண்ணைக் கண்டுபிடிக்கும் வரை அரைநாள் வீணாயிற்று. அந்த அரைநாளில் நகையை அடகு வைப்பதற்காக மாமியார் கடைவீதிக்குப் புறப்பட்டுவிட்டார். இத்தகைய அலைச்சல் இன்னொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டை வந்த வழி

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு உயர்சிகிச்சை அளிக்கும் காப்பீட்டுத் திட்டம் 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கலைஞர் பெயரில் தொடங்கப்பெற்றது. 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரில் நடைபெற்று வருகிறது. 2018 செப்டம்பர் 23 அன்று நடுவணரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தொடங்கப்பட்டபோது இரண்டும் இங்கு ஒருங்கிணைக்கப்பட்டன. இன்று தகுதியுள்ள ஒரு குடும்பம் ஓராண்டில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022 முதல் அது 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

இவ்வளவு ஆண்டுகளில் அட்டையின் வடிவமும் பலவாறு மாறியுள்ளது. படத்துடன் கூடிய அட்டையை வைத்திருப்போர் உளர். இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்ட தாளை வைத்திருப்போர் உளர். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் பிளாஸ்டிக் அட்டையை வைத்திருப்போரும் உளர். முதலமைச்சர் திட்டத்தில் ஒரு குடும்பம் ஓர் எண்ணின்கீழ் பதிவாகிறது. ஆயுஷ்மான் அட்டையோ குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வழங்கப்படுகிறது. ஒருவருடைய ஆயுஷ்மான் அட்டை கையில் இருப்பதால் வீட்டிலுள்ள அனைவருக்கும் அட்டை எடுத்தாயிற்று என்று கொள்ளுதல் தவறு.

அட்டை என்பது திறவுகோல்

நம் வீட்டுக் குடும்ப அட்டையை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் முதல் பழைய தாள் புத்தகத்துக்கு மாற்றாக மின்னணுக் குடும்ப அட்டை வழங்கப்பட்டது. அட்டை மாறியது, அரிசியின் அளவைத் தீர்மானிப்பது அன்றும் இன்றும் பதிவில் உள்ள உறுப்பினர் எண்ணிக்கையே. காப்பீட்டு அட்டையும் அத்தகையதே. உரிமை பதிவேட்டில் இருக்கிறது; அப்பதிவேட்டைத் திறக்கும் கோல் அட்டையில் அச்சிட்ட எண்.

பிற நாடுகளும் இவ்வழியே வந்துள்ளன. தைவான் நாட்டில் 1995இல் அனைவருக்குமான நலக் காப்பீடு தொடங்கியபோது தாள் அட்டையே வழங்கப்பட்டது. ஆறு முறை மருத்துவரிடம் சென்றபின் அதனைக் கொடுத்துப் புதியது வாங்கவேண்டும். 2004இல் அது சில்லு பொருத்திய பிளாஸ்டிக் அட்டையாக முழுமையாக மாறியது. பிரான்சு 1998இலேயே இத்தகைய அட்டையை வழங்கத் தொடங்கியது. இந்நாடுகளில் மக்களுக்கு அடிக்கடி அட்டை மாற்றும் அலைச்சலோ, தாள் படிவங்களின் சுமையோ குறைந்தது. எனினும் விவரங்களைப் புதுப்பிக்கும் கடமை எந்நாட்டிலும் நீங்கிவிடவில்லை.

பதிவில் எவை பிழையாகின்றன?

நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை எனப் பல ஊர்களிலிருந்தும் நம்மிடம் வருவோரின் பதிவுகளில் பின்வரும் குறைகளே மிகுதியாகத் தென்படுகின்றன.

முதலாவது, குடும்ப உறுப்பினர் மாற்றம். பிறந்த குழந்தை, புதிதாக வந்த மருமகள் ஆகியோரின் பெயர்கள் குடும்ப அட்டையில் சேர்க்கப்படாமல் இருக்கும். குடும்பத் தலைவர் காலமானபின் பதிவு திருத்தப்படாமல் இருக்கும்.

இரண்டாவது, பெயர் வேறுபாடு. ஆதாரில் ஓர் எழுத்து, குடும்ப அட்டையில் வேறோர் எழுத்து. ஒன்றில் தந்தையின் முதலெழுத்து, மற்றொன்றில் கணவரின் முதலெழுத்து. பிறந்த ஆண்டு இரண்டிலும் வேறு வேறு. இவை சிறியனவாகத் தோன்றினும் கணினி இவ்விருவரையும் வெவ்வேறு ஆளாகவே கொள்ளும்.

மூன்றாவது, தேய்ந்த கைரேகை. காப்பித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்த கைகளில் ரேகை தெளிவாகப் பதிவதில்லை. ஆதாருடன் கைப்பேசி எண் இணைக்கப்பட்டிருந்தால் வேறு வழியில் சரிபார்க்க இயலும். எனவே அவ்வெண் இன்றும் நீங்கள் பயன்படுத்தும் எண்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அட்டை இல்லையெனில்?

அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காக மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போட வேண்டா. குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்து வாருங்கள். குடும்ப அட்டை எண்ணைக் கொண்டே உங்கள் பதிவைத் தேட இயலும். பதிவு இருப்பின் அட்டையை மீண்டும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

பதிவே இல்லாதோர் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குச் செல்லவேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. தனியார் கணினிக் கடைகளில் பிளாஸ்டிக் அட்டை அச்சிடப் பெறும் தொகை அச்சுக்கூலியே. அதனால் புதிய உரிமை எதுவும் பிறப்பதில்லை. முகாம்கள் புயல்வேகத்தில் முடிந்துவிடும் என்று அச்சுறுத்திப் பணம் கேட்போரை நம்ப வேண்டா. ஐயம் இருப்பின் 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

சாலை விபத்தில் சிக்கியோருக்கு எவ்வித அட்டையும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதற்கென இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் செல்லும் நாம் இதனை மனத்தில் இருத்தவேண்டும். 108ஐ அழைப்பதே முதற்பணி. அட்டையைத் தேட வீட்டுக்கு ஓடுதல் பிறகு.

அட்டை இருந்தால் போதுமா?

போதாது. மருத்துவமனை திட்டத்தில் இணைக்கப்பட்டதாக இருக்கவேண்டும். வேண்டிய சிகிச்சை திட்டப் பட்டியலில் இடம்பெறவேண்டும். சிகிச்சைக்குமுன் மருத்துவமனை உங்கள் ஆய்வு முடிவுகளை இணையவழி அனுப்பி முன்னனுமதி பெறவேண்டும். இதனால்தான் 'அட்டை கொடுத்தபின்னும் ஏன் காக்க வைக்கிறார்கள்?' என்னும் மனக்குறை எழுகிறது. உயிருக்கு இடரான நேரங்களில் அனுமதியை விரைந்து பெறும் முறையும் உண்டு. காத்திருக்கும் நேரத்தில் எவ்வித அச்சமுமின்றி நம் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றொன்றையும் கூறவேண்டும். உறவினர்மீதுள்ள அன்பினால் தம் அட்டையை அவருக்குக் கொடுத்து அனுப்புவோர் உளர். இது சட்டப்படி குற்றமாவதோடு உடலுக்கும் கேடு. அவருடைய நோயும் மருந்தும் உங்கள் பெயரில் பதிவாகும். நாளை நீங்கள் மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டால் அந்தப் பதிவே மருத்துவரைத் தவறான வழியில் செலுத்தக்கூடும்.

இன்று செய்யத்தக்கவை

அட்டையின் இருபுறத்தையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். எண்ணை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். கைப்பேசி மின்னேற்றமின்றி அணையும், நோட்டு அணையாது. அட்டையில் துளையிட்டுக் கயிறு கட்டும்போது சதுரக் குறியீட்டின்மீது துளை படாதவாறு பாருங்கள். தொலைபேசியில் அழைத்து ஓடிபி கேட்போரிடம் எதையும் கூற வேண்டா.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக வெளியூரில் வேலைபார்ப்போரும் மணமாகிச் சென்றோரும் மலைக்குத் திரும்புகின்றனர். குடும்பம் முழுவதும் ஒரு கூரையின்கீழ்க் கூடும் அந்நாளில், குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒன்றாக விரித்து வைத்து, ஒவ்வொருவரின் பெயரையும் உரக்கப் படித்துப் பாருங்கள். பெயர் விடுபட்டவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். திருவிழா முடிந்து ஊர் திரும்புமுன் நம் காப்பீட்டுப் பிரிவுக்கு ஒருமுறை வாருங்கள். உடல்நலத்துடன் இருக்கும்போது வருவோருக்கு அந்தப் பணியைச் செய்து தருவதில் எமக்கு மிகுந்த மகிழ்ச்சி.